செவ்வரத்தை இதழின் நரம்பு எந்தக் கணக்கில் கிளைக்கிறது?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தகப்பன் கேட்டிருக்கிறார். மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். வேலியோரம் நிற்கும் செவ்வரத்தையை வைத்துப் பாடசாலைச் செயற்றிட்டம் ஒன்று செய்யப்போகிறாள். இலையில் நரம்பு வலையாக இருக்க, பூவிதழில் மட்டும் அடியிலிருந்து விசிறியாகப் பிரிந்து போவதேன்? ஒரே பூவின் ஐந்து இதழிலும் கிளைகள் ஐந்து விதமாக இருப்பதேன்? இதழ் நரம்பு பிபனாச்சி எண்வரிசைப்படி (1, 1, 2, 3, 5, 8, 13 என்று, முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையே அடுத்த எண்ணாக) கிளைக்கிறது என்று யாரோ சொன்னார்களாம், அதை எழுதலாமா? கேள்வி மூன்றாக வந்தாலும் அவர் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: நரம்பு எங்கே பிரியவேண்டும் என்பது செடிக்குள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறதா, வளரும்போது தானாக அமைகிறதா? சுருக்கமான பதில்: விசிறியா வலையா என்ற பொதுவடிவம் அந்தத் தாவர இனத்துக்கு உரியது, அது மாறாது. தனித்தனிக் கிளை எந்த மில்லிமீற்றரில் பிரியும் என்பது எங்கும் எழுதப்படவில்லை. பிபனாச்சியை எழுத வேண்டாம்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். அந்த எண்வரிசை தாவரங்களில் வரும் இடம் உண்டு. சூரியகாந்திப் பூத்தலையில் வலமாகவும் இடமாகவும் ஓடும் சுருள்களை எண்ணினால் 34, 55 என்று அடுத்தடுத்த பிபனாச்சி எண்கள் வருவது வழக்கம். அன்னாசிப்பழத்தின் கண்களில் 8, 13 வரும். அங்கெல்லாம் புதிய உறுப்புகள் வளர்நுனியைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ 137.5 பாகை இடைவெளியில் தோன்றுகின்றன. எண்கள் அதனால் விழுகின்றன. நரம்பு கிளைப்பதில் அந்தச் சுற்றும் இல்லை, அந்தக் கோணமும் இல்லை. எல்லாக் கிளைகளும் ஒரே சமயத்தில் இரண்டிரண்டாகப் பிரிந்தால் 1, 2, 4, 8 என்று போகும். நடப்பில் ஒரு கிளை பிரியும், பக்கத்துக் கிளை பிரியாமல் ஓடும். ஆகவே எங்காவது ஒரு மட்டத்தில் 5 அல்லது 8 அல்லது 13 தற்செயலாக அகப்படும். அகப்பட்ட இடத்தை மட்டும் படமெடுத்துப் போடுவதுதான் இணையத்தில் நடக்கிறது. செவ்வரத்தைக்கு ஐந்து இதழ், ஐந்து பிபனாச்சி எண் என்பது சரி. கடுகுப் பூவுக்கு நான்கு இதழ் என்பதும் சரிதான்.

இனி நரம்பு. இதழ் என்பது இலையின் மாற்றுருவம் என்ற கருத்தை கோத்தே 1790இல் எழுதினார். பூவின் எந்த வட்டத்தில் எந்த உறுப்பு உருவாகும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக் கூட்டங்களைப் பற்றிய மாதிரியை என்றிக்கோ கோயனும் எலியட் மேயரோவிட்சும் 1991இல் முன்வைத்தார்கள். அந்த மரபணுக்கள் எல்லாம் செயலிழந்தால் பூவின் உறுப்புகள் இலைபோல் வளர்கின்றன. அடிப்படைச் சரக்கு ஒன்றுதான் என்பதில் இன்று சந்தேகம் இல்லை. இலையில் உள்ளதுபோலவே இதழ் நரம்பிலும் நீரைக் கொண்டுவரும் காழும் வெல்லத்தைக் கொண்டுவரும் உரியமும் உண்டு. வேறுபாடு வேலையில். இலை பகல் முழுவதும் ஆவியுயிர்ப்பில் நீரை இழக்கிறது, ஒளித்தொகுப்புச் செய்கிறது, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் நிற்கிறது. செவ்வரத்தை இதழ் பெரும்பாலான வகைகளில் ஒரு நாள் விரிந்திருந்து சுருண்டுவிடுகிறது. இதழ்களில் இலைவாய்கள் மிகக் குறைவு, சில இனங்களில் இல்லவே இல்லை. ஒரு சதுரமில்லிமீற்றர் பரப்பில் எத்தனை மில்லிமீற்றர் நரம்பு ஓடுகிறது என்று அளந்தால் இதழ் பொதுவாக இலையைவிடக் குறைவாகவே காட்டும். இலையில் முதன்மை நரம்பு, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று படிப்படியாக மெலிந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகளாக மூடிக்கொள்கிறது. செவ்வரத்தை இதழில் படிநிலை குறைவு. தடிப்பு வித்தியாசமும் குறைவு. பெரும்பாலான கிளைகள் ஓரத்தை நோக்கி ஓடித் தனியே முடிகின்றன, அங்கங்கே மட்டும் பக்கத்துக் கிளையோடு சேர்கின்றன.

விசிறி ஏன் என்பதற்கு விடை இதழ் வளரும் முறையில் இருக்கிறது. பொதுவாக இருவித்திலைத் தாவரங்களில் புல்லிக்குள் மூன்று கலன்கட்டுகள் (காழும் உரியமும் சேர்ந்த நரம்புக் கட்டுகள்) நுழைய, இதழுக்குள் ஒன்றே நுழைகிறது என்று பாடநூல்கள் சொல்லும். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் தொடக்கத்துக்கு நல்ல வழிகாட்டி. செவ்வரத்தை இதழின் அடி ஒடுங்கியது, மேல்விளிம்பு அகன்றது. ஒடுங்கிய வாசலால் நுழைந்த நரம்பு அகன்றுகொண்டே போகும் தட்டுக்கு நீர் கொடுக்கவேண்டும்; பக்கத்துப் பக்கத்தே ஓடும் இரு நரம்புகளுக்கிடையே இடைவெளி பெருகும்போது அந்த இடைவெளியில் புதுக் கிளை வருகிறது. கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடொப்சிசில் இதைத் துல்லியமாகப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நோரிச்சில் கோயனின் ஆய்வுக்குழு 2013இல் காட்டியது இது: அந்த இதழின் கலங்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து நீளவில்லை, அடியிலிருந்து விளிம்பை நோக்கித் திசைகள் விரிந்து போகின்றன, வளர்ச்சி அந்த விரியும் திசைகளைப் பின்பற்றுகிறது.

நரம்பு எந்தக் கலங்களில் உருவாகும் என்பதை ஒட்சின் என்ற ஓமோன் தீர்மானிக்கிறது. ட்சுவி சாக்ஸ் 1969இலிருந்து எழுதிவந்த விளக்கம்தான் இன்றும் அடித்தளம். ஒட்சின் கொஞ்சம் அதிகமாகப் பாயும் கலங்கள் மேலும் நன்றாகப் பாய்ச்சும் திறனைப் பெறுகின்றன. அதனால் அக்கம்பக்கத்து ஒட்சினும் அந்த வழிக்கே இழுபடுகிறது. மழைநீர் மணலில் வாய்க்கால் வெட்டிக்கொள்வதுபோல் வழி தன்னைத்தானே ஆழமாக்கிக்கொள்கிறது. அந்த வழியிலுள்ள கலங்களே பின்னர் காழாகவும் உரியமாகவும் மாறுகின்றன. ஒட்சினைக் கலத்தின் ஒரு பக்கத்தால் வெளியேற்றும், ‘பின்’ (PIN) என்று பெயரிட்ட புரதங்கள் 1990களின் இறுதியில் அடையாளம் காணப்பட்டபின் இந்த விளக்கத்துக்கு நல்ல பலம் கிடைத்தது. இதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் என்று மகள் பிரித்து எழுதினால் பரிசோதகர் மதிப்பார். ஒட்சின் ஓட்டமும் ‘பின்’ புரதமும் நரம்பின் பாதையை வழிநடத்துகின்றன என்பது உறுதி. அந்தக் கலங்கள் ஒட்சினின் செறிவை உணர்கின்றனவா, ஓட்டத்தின் அளவை உணர்கின்றனவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மேலும் ஆதாரங்களில் பெரும்பகுதி இலையிலும் தண்டிலும் செய்த வேலை. இதழுக்கு அப்படியே பொருந்தும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு, செவ்வரத்தையில் நேராக நிறுவப்பட்டதல்ல.

இந்த வளர்ச்சி விளக்கம் சரியா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை, திருகோணமலையில் கிடைக்கும் பூக்களே போதும். தம்பலகாமத்துப் பக்கத்துக் குளத்திலிருந்து ஒரு தாமரை இதழ் எடுங்கள். அதன் அடி அகலமானது. ஒரு வாசல் அல்ல, பல நரம்புகள் பக்கத்துப் பக்கத்தே அடியிலேயே தொடங்கி, நடுவில் வெளிப்பக்கம் வளைந்து, நுனியை நெருங்கும்போது மறுபடி ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. இதழின் வடிவம் நடுவில் அகன்று இரு முனையிலும் ஒடுங்குகிறது, நரம்பும் அப்படியே. செவ்வரத்தையின் விசிறிக்கும் தாமரையின் வளைவுக்கும் காரணம் ஒன்றே என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சொல்லாமலே புரியும். கார்த்திகைப் பூவின் நீண்ட இதழை வைத்தால் மூன்றாவது மாதிரி: ஒருவித்திலைத் தாவரம், நீளவாக்கில் ஓடும் நரம்புகள்.

அடுத்துக் கடதாசிப்பூ. இதை ஒப்பீட்டுக்குக் கட்டாயம் எடுக்கச் சொல்வேன். நிறமாகத் தெரியும் மூன்றும் இதழ் அல்ல, பூவடியிலைகள். உண்மையான பூ நடுவில் நிற்கும் மெல்லிய வெள்ளைக் குழாய். ஒவ்வொரு குழாயின் காம்பும் தன் பூவடியிலையின் நடுநரம்போடு ஒட்டியிருக்கும். அந்த நிறத் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுநரம்பு, அதிலிருந்து பக்க நரம்புகள், அவற்றுக்கிடையே மூடிய வலை என்று சாட்சாத் இலையின் அமைப்பு. நிறமும் மென்மையும் இதழைப் போலிருந்தும் நரம்பு இலையாகவே இருக்கிறது. ஆகவே இதழ் மெல்லியதாகவும் நிறமாகவும் இருப்பதால்தான் விசிறி வருகிறது என்று யாரேனும் எழுதினால், வீட்டு மதிலில் தொங்கும் கடதாசிப்பூவே அதை மறுத்துவிடும். நரம்பைப் பார்த்து உறுப்பின் பிறப்பை ஊகிக்கலாம் என்பதற்கு இதைவிடக் கிட்டிய எடுத்துக்காட்டு நம் ஊரில் இல்லை.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளில் படர்ந்து கிடக்கும் அடம்பன் கொடி வேறொரு பாடம் சொல்லும். அதன் ஐந்து இதழும் ஒட்டிப் புனல்போல் ஆகிவிட்டதால் எந்த இடம் ஒரு இதழ், எந்த இடம் அடுத்தது என்று மேலோட்டமாகத் தெரியாது. நரம்புதான் எல்லையைச் சொல்லும்: ஒவ்வொரு இதழின் நடுவிலும் அடியிலிருந்து விளிம்புவரை ஒரு பட்டை ஓடுகிறது, அதன் இரு பக்கமும் நரம்புகள் வரம்பு கட்டி நிற்கின்றன. மொட்டில் வெளியே தெரிவது இந்தப் பட்டைகள்தான். இடையிலுள்ள மெல்லிய பகுதி உள்ளே மடிந்து முறுக்கிக் கிடக்கிறது. காலையில் விரிவதும் பின்னேரம் சுருளுவதும் இந்த நடுப்பட்டைகளால்தான். இதே பேரினத்தைச் சேர்ந்த நீலப் பூக்கொடி ஒன்றில் 1970களில் இதை ஆராய்ந்தார்கள். பட்டையின் உள்முகக் கலங்களுக்கும் வெளிமுகக் கலங்களுக்கும் இடையே நீர்வீக்கம் மாறுபடுவதால் அது உள்நோக்கிச் சுருள்கிறது, பூவும் கூடவே மூடுகிறது. நரம்பு என்றால் நீர்க்குழாய் மட்டும்தான் என்று எழுதிவிட வேண்டாம். இதழை விரித்துப் பிடிக்கும் கம்பியும் அதுவே.

ஐந்து இதழும் ஐந்து விதமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று ஒழுங்கானது. செவ்வரத்தை, பூவரசு, நித்தியகல்யாணி மூன்றிலும் மொட்டில் இதழ்கள் முறுக்கி அடுக்கப்பட்டிருக்கும்: ஒவ்வொரு இதழின் ஒரு விளிம்பு வெளியே, மறு விளிம்பு அடுத்த இதழுக்குள்ளே. மூடப்பட்ட பாதியும் திறந்த பாதியும் ஒரே அளவில் வளர்வதில்லை. அதனால் செவ்வரத்தை, பூவரசு இதழ்கள் நடுக்கோட்டில் மடித்தால் சரியாகப் பொருந்தாதவை, நரம்பும் இரு பாதியிலும் வேறாகத்தான் இருக்கும். இதோடு இன்னொன்று: செவ்வரத்தைக் குடும்பத்தில் ஒரே செடியிலேயே வலம்சுழிப் பூவும் இடம்சுழிப் பூவும் பூக்கும். ஒன்றின் இதழ் மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இதைக் கவனியாமல் இரண்டையும் ஒன்றாகக் கலந்து இடப்பாதி, வலப்பாதி என்று சராசரி எடுத்தால் உள்ள வேறுபாடு சமமாகி மறைந்துவிடும். செயற்றிட்டங்களில் அதிகம் நடக்கும் தவறு இது. பூவைப் பறிக்குமுன்னே மேலிருந்து பார்த்து எந்தச் சுழி என்று குறித்துக்கொள்ளவேண்டும்.

மற்றக் காரணம் தற்செயல். ஒரே மரபணு, ஒரே பூ, ஒரே நாள். இருந்தும் ஒட்சின் ஓட்டத்தில் இரு கலங்களுக்கிடையே வரும் சிறு ஏற்றத்தாழ்வு பெருகி, கிளையை இங்கே அல்லது ஒரு மில்லிமீற்றர் தள்ளி அங்கே பிரிக்கிறது. மிகக் கட்டுப்பாடான நிலைமையில் வளர்த்த அரபிடொப்சிசின் சின்னஞ்சிறு இதழில்கூட நடுநரம்பும் மேலேயுள்ள இரண்டு வளையங்களும் தவறாமல் வர, கீழ் வளையங்கள் சில இதழில் மூடியும் சிலதில் பாதியில் நின்றும் இருக்கும். ஆகையால் உங்கள் மகள் கண்டது பிழையல்ல, பார்க்கவேண்டியதைத்தான் பார்த்திருக்கிறாள்.

இலைக்கு வலை எதற்கு, இதழுக்கு ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு அழகான விளக்கம் உண்டு, ஆனால் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சேர்த்துச் சொல்லவேண்டும். 2010இல் எலெனி கதிஃபோரி முதலானோர் கணித முறையில் காட்டினார்கள்: எந்தப் பாதையும் அறுந்துபோகலாம், நீர்த்தேவையும் இடத்துக்கிடம் மாறிக்கொண்டிருக்கும் என்றால், வளையங்கள் உள்ள வலையே குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும், அறுந்துபோகும் பயமும் தேவை மாற்றமும் இல்லையென்றால் வளையமே இல்லாத மரக்கிளை அமைப்புப் போதும். எலுமிச்சை இலையின் நடுநரம்பில் துளையிட்டு, ஒளிரும் சாயம் துளையைச் சுற்றி வளையங்கள் வழியே போவதைப் படமும் பிடித்தார்கள். ஒரே நாள் வாழும் இதழுக்குப் புழுவும் கிழிசலும் பெரிய கவலையில்லை, ஆதலால் வளையம் குறைவு என்று இதிலிருந்து சொல்லத் தோன்றும். கணிதமும் எலுமிச்சை இலையும் உறுதி. செவ்வரத்தையின் விசிறிக்கு அதுதான் காரணம் என்பது ஊகம். பலநாள் நிற்கும் பூக்களிலும் விசிறி நரம்பு உண்டு என்பதை மறக்கக்கூடாது.

இதழில் தெரியும் கோடெல்லாம் நரம்பல்ல என்ற எச்சரிக்கையும் தேவை. நிறப்பொருளான அந்தோசயனின் மேற்றோல் கலங்களில் இருக்கிறது, நரம்பு அதற்குக் கீழே உள்ளே இருக்கிறது. சில பூக்களில் நரம்புக்கு நேர் மேலேயுள்ள மேற்றோல் கலங்கள் மட்டும் நிறமேறி, நரம்பை மையால் வரைந்ததுபோல் காட்டும். அந்திரைனம் என்ற தோட்டப் பூவில் இதற்கு வெனோசா என்ற மரபணு காரணம் என்று கண்டிருக்கிறார்கள். வேறு பூக்களில் நிறக்கோடு நரம்பைச் சட்டை செய்யாமல் தன் வழியே போகும். தேனிருக்கும் இடத்துக்குப் பூச்சியை அழைக்கும் குறிகள் இவை என்று 1793இலேயே கிறிஸ்தியான் ஸ்பிரெங்கல் எழுதிவிட்டார். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, இதழைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டு நிறத்தை இறக்குவது. போனது நிறக்கோடு, நிற்பது நரம்பு.

செய்முறைக்கு வருவோம். முதலில் ஒன்றும் கரைக்காமல், ஒன்றும் சாயமிடாமல் படம் எடுங்கள். டப்லெட் அல்லது பெரிய போனின் திரையை வெள்ளையாக்கி, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, அதன்மேல் ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் ஒரு துளி நீர்விட்டு இதழை விரித்து, மேலே இன்னொரு கண்ணாடி. பக்கத்தில் மில்லிமீற்றர் அளவுகோல் கட்டாயம் இருக்கட்டும், அதில்லாத படத்தில் எதையும் அளக்க முடியாது. இன்னொரு போனால் நேர் மேலிருந்து எடுக்கவேண்டும். சரிந்து எடுத்தால் கோணங்கள் எல்லாம் பொய். திரையின் புள்ளிகள் படத்தில் வந்தால் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையில் ரேசிங் பேப்பர் ஒன்றை வைத்து, கண்ணாடியை ஒரு விரற்கடை உயர்த்திவிட்டால் மறைந்துவிடும். கடுஞ்சிவப்புச் செவ்வரத்தையில் நரம்பு மங்கலாகவே தெரியும். இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை வகை நல்லது. பூவரசம் பூவின் மஞ்சள் இதழும் கொன்றை இதழும் அதைவிட நல்லது. பூவரசு மாலையாகச் செம்மை பூசிவிடும், காலையிலேயே எடுக்கவேண்டும்.

இது போதாமல் நுண்கிளைகளும் வேண்டுமென்றால் தெளிவாக்கும் முறை. பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் இதழை, கண்ணாடித் தகட்டில் விரித்தபடியே, மூடிய தட்டில் வைக்கவேண்டும். சுருட்டிப் போத்தலில் போட்டால் அந்தச் சுருளிலேயே விறைத்துப் பிறகு விரிக்கும்போது உடையும். ஸ்பிரிட் நிறமேறியதும் மாற்றி, நிறமிறங்காத நிலை வரும்வரை தொடரவேண்டும். சிவப்பு சில மணித்தியாலத்தில் போகும், மஞ்சளுக்கு அதிகம் எடுக்கும். பிறகு 100 மில்லிலீற்றர் நீரில் 2 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு. இலைக்கு 5 சதவீதத்தில் நாட்கணக்கில் வைக்கச் சொல்லும் குறிப்புகளை இதழுக்குப் பின்பற்றினால் கூழ்தான் மிஞ்சும். திருகோணமலை வெக்கையில் இன்னும் வேகமாக நடக்கும், அரைமணிக்கொருமுறை பார்த்து, இதழ் கண்ணாடிபோல் ஆனதும் எடுத்துவிடவேண்டும். செவ்வரத்தைக் குடும்பத்துக்கே உரிய வழுவழுப்பு வெளியேறி இதழ் வழுக்கும். அதனால் இடுக்கியால் தூக்காமல் கண்ணாடியோடு சேர்த்தே தூக்குவது நல்லது. நீரில் மூன்றுமுறை அலசி, கடைசி அலசலில் இரண்டு துளி வினாகிரி விட்டு, பாடசாலை ஆய்வுகூடத்தில் சப்ரனின் இருந்தால் ஐந்து நிமிடம் சாயமேற்றி, மேலதிகத்தை ஸ்பிரிட்டால் கழுவி, கிளிசரினில் ஏற்றலாம். சப்ரனின் காழின் தடித்த சுவரைப் பிடிக்கும். இதழின் காழ் மெல்லியதாகையால் இலையைப்போல் பளிச்சென்று சிவக்காது, அதைப் பார்த்துச் சாயம் பிடிக்கவில்லை என்று எண்ணவேண்டாம். ஐதரொட்சைட்டு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறையும் கண்காப்பும் போட்டு, ஆசிரியர் நிற்கும்போது மட்டும், நீருக்குள்தான் அதைப் போடவேண்டும், அதன்மேல் நீரை ஊற்றக்கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், அரித்துவிடும்.

சாயநீரில் பூவை நிறுத்தி நரம்பை நிறமாக்கும் விளையாட்டைப் பலர் செவ்வரத்தையில் தொடங்கிக் கைவிடுவார்கள். செவ்வரத்தைப் பூ பறித்தபின் நீர் இல்லாமலே தன் நாளை முடித்துக்கொள்ளக்கூடியது. நீரை அதிகம் இழுக்காது, சாயமும் ஏறாது. வெள்ளை நித்தியகல்யாணியோ கடையில் வாங்கும் வெள்ளைச் செவ்வந்தியோ நல்லது. தண்டை நீருக்குள் வைத்துச் சவர அலகால் சரித்து வெட்டவேண்டும். காற்றில் வெட்டினால் காழ்க்கலனுக்குள் காற்றுக் குமிழி புகுந்து வழியை அடைத்துவிடும். 100 மில்லிலீற்றர் நீரில் உணவுச்சாயம் ஒரு தேக்கரண்டி, நீலம் அல்லது சிவப்பு. மாரிகாலத்து ஈரக் காற்றில் மணிக்கணக்காக நின்றும் ஏறாது, மின்விசிறிக்கு முன்னால் வைத்தால் ஏறும். கச்சான் அடிக்கும் மாதங்களில் மறுதலை: ஏறுவது விரைவு, வாடுவதும் விரைவு, ஆகவே நிழலில் வைக்கவேண்டும். நிறம் முதலில் விளிம்பில் திரள்வதைக் கண்டு நரம்பு விளிம்பில்தான் தடிப்பு என்று எழுதக்கூடாது. நீர் ஆவியாகச் சாயம் அங்கே தேங்குகிறது, அவ்வளவுதான்.

எண்ணும் முறைக்கு, ஆற்றுக் கிளைகளுக்காக ஹோர்ட்டன் 1945இல் தொடங்கி ஸ்ட்ராலர் திருத்திய வரிசை முறை பொருந்தும். நுனிக்கிளை எல்லாம் 1. இரண்டு 1 சேர்ந்தால் 2. இரண்டு 2 சேர்ந்தால் 3. ஒரு 1 ஒரு 2இல் வந்து சேர்ந்தால் அது 2ஆகவே தொடரும். அடியில் பல நரம்புகள் தனித்தனியே தெரிந்தால் ஒவ்வொன்றையும் தனி மரமாக எண்ணவேண்டும். வளையம் வரும் இடங்களை இந்த முறை தாங்காது. அவற்றைத் தனி நிரலில் இத்தனை வளையம் என்று எழுதிவிட்டு, எண்ணும்போது மெல்லிய பக்கத்தில் வெட்டியதாகக் கொள்ளலாம், எல்லா இதழுக்கும் ஒரே விதி என்றால் சரி. உதாரணத்துக்கு ஓர் இதழில் 1ஆம் வரிசை 48, 2ஆம் வரிசை 16, 3ஆம் வரிசை 5 என்றால் விகிதங்கள் 3, 3.2. எல்லாக் கிளையும் ஒழுங்காக இரண்டாகப் பிரிந்தால் விகிதம் 2 வரும். கிளைகள் முழுக்கத் தற்செயலாகச் சேர்ந்தாலே விகிதம் 4ஐ நெருங்கும் என்று ஷ்ரீவ் 1966இல் காட்டியிருக்கிறார். ஆகவே 4 வந்ததென்று இயற்கையின் இரகசிய விதியைக் கண்டுவிட்டதாக எழுதவேண்டாம். 2க்குக் கிட்ட வந்தால்தான் சொல்ல விசயம் இருக்கிறது.

மறி (Murray) என்பவர் 1926இல் குருதிக்குழாய்களுக்குச் சொன்ன விதி, அதாவது தாய்க்குழாயின் ஆரையின் கனம் (மும்மடி) கிளைகளின் ஆரைகளின் கனங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது, தாவரக் காழுக்கும் பொருந்துவதுண்டு. அது உள்ளேயுள்ள ஒவ்வொரு காழ்க்கலனின் ஆரைக்கு. படத்தில் நரம்பின் வெளித்தடிப்பை அளந்து அதைச் சோதிக்க முடியாது, ஆகவே அந்தப் பகுதியைத் தவிர்ப்பது நல்லது.

மாதிரிக்கு மூன்று செடி, ஒவ்வொன்றிலும் இரண்டு பூ, ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ், மொத்தம் 30 இதழ் போதும். ஒரே பூவின் ஐந்து இதழுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் செடிக்குச் செடி உள்ள வேறுபாட்டையும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பூவுக்குள்ளேயே வேறுபாடு அந்த அளவுக்கு இருந்தால், கிளையின் இடம் மரபணுவில் குறிக்கப்படவில்லை என்ற பக்கத்துக்கு அது சான்று. பூக்களைக் காலை ஏழு மணிக்குள் பறித்து, ஒவ்வொன்றின் சுழியையும் செடி எண்ணையும் பென்சிலால் துண்டில் எழுதி உடன் வைத்துக்கொள்ளவேண்டும். பேனை மை ஸ்பிரிட்டில் கரைந்து துண்டும் வெறுமையாகும், இதழும் கறைப்படும்.